எச்சில் ஒழுகும் மாட்டின் வாயில் கையை விடாதீர்கள்

மறுபடியும் அதே கதைதான். கறவை மாடு இரண்டு நாளாகத் தீனி எடுக்கவில்லை, தண்ணீர் இறங்கவில்லை, வாயிலிருந்து நூல் நூலாக எச்சில் ஒழுகுகிறது. மாங்கொட்டை சிக்கியிருக்கும் என்று வீட்டுக்காரர் முழங்கை வரை கையை விட்டுத் துழாவியிருக்கிறார். ஒன்றும் அகப்படாததால் மகனும் துழாவியிருக்கிறார். வீட்டம்மா மூங்கில் குழாயில் கஞ்சி புகட்டியிருக்கிறார். இவ்வளவும் முடிந்த பிறகுதான் கால்நடை மருத்துவரான எனக்கு அழைப்பு வந்தது. நான் போய்ச் சேர்ந்தபோது மாடு கரகரத்த குரலில் ஓயாமல் கத்திக்கொண்டிருந்தது. பின்னங்கால்கள் துவண்டிருந்தன. சாணம் வராமலே முக்கிக்கொண்டிருந்தது. நாய் ஏதும் கடித்ததா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். சில வாரங்களுக்கு முன் தெருநாய் ஒன்று தொழுவத்துக்குள் புகுந்ததைப் பக்கத்து வீட்டுக்காரர்தான் நினைவுபடுத்தினார்.

மாடு இறந்தது. மூளைத் திசுவைச் சோதித்ததில் ரேபீஸ் உறுதியானது.

ரேபீஸ் என்றால் கண் சிவந்து, கண்டவரையெல்லாம் விரட்டிக் கடிக்கும் நாய்தான் எல்லோர் மனத்திலும் நிற்கிறது. நாயிலேயே இன்னொரு வகை உண்டு. அது யாரையும் விரட்டாது. கட்டிலுக்கு அடியில் இருட்டில் போய்ப் படுத்துக்கொள்ளும், கீழ்த்தாடை தொங்கிவிடும். எலும்பு சிக்கியிருக்கிறது என்று சொல்லித் தூக்கிக்கொண்டு வருவார்கள். மாட்டிலும் தொண்டைத் தசைகள் செயலிழப்பதால்தான் விழுங்க முடியாமல் எச்சில் வழிகிறது. அந்த எச்சிலில் வைரஸ் இருக்கிறது. எச்சில் வழிந்தால் வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி நோயாகவும் இருக்கலாம், உண்மையான அடைப்பாகவும் இருக்கலாம். அதைக் கண்டுபிடிப்பது எங்கள் வேலை, உங்கள் கையின் வேலை அல்ல. இளம் கால்நடை மருத்துவர்களுக்கும் இதையே சொல்கிறேன்: கையுறை இல்லாமல் எந்த மாட்டின் வாயையும் திறக்காதீர்கள்.

அந்த வீட்டில் என்னைக் கோபப்படுத்தியது வேறொரு கேள்வி. "எங்கள் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாமே டாக்டர், கிருமி இருந்தால் ஊசி போட்டுக்கொள்கிறோம்." படித்தவர்களும் இதையே கேட்கிறார்கள். எனவே கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அதே தொழுவத்தில் கோமாரி வந்தால் என்ன நடக்கிறது? வைரஸ் இரத்தத்தில் கலக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, உடல் உடனே விழித்துக்கொண்டு சில நாள்களில் எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுகிறது. வளர்ந்த மாடுகளில் பெரும்பாலானவை பிழைத்துக்கொள்கின்றன. ரேபீஸ் வைரஸ் இரத்தத்தின் வழியாகப் பயணிப்பதில்லை. காயத்தின் அருகிலுள்ள தசையில் அதிகம் பெருகாமல் தங்கி, நரம்பின் நுனிக்குள் நுழைந்து, நரம்புக்குள்ளேயே மெல்ல மேலேறுகிறது. அங்கே வெள்ளை அணுக்களின் காவல் எட்டுவதில்லை. தொற்று நுழைந்ததும் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற பொருளை வெளியிட்டு எச்சரிக்க வேண்டும். அந்த எச்சரிக்கையையும் இந்த வைரஸ் தன் புரதம் ஒன்றால் அடக்கிவிடுகிறது. இது மாட்டுக்கும் பொருந்தும், மனிதருக்கும் பொருந்தும். பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம், சில நேரங்களில் அதற்கும் மேல், உடலுக்குள் எதிரி இருப்பது உடலுக்கே தெரியாது. அந்த நாள்களில் இரத்தத்தைச் சோதித்தால் ஒன்றும் தெரியாது. தடுப்பூசி போடாதவரின் இரத்தத்தில் எதிர்ப்பொருள் தென்படும்போது வைரஸ் பெரும்பாலும் மூளையை எட்டி, நோய்க்குறிகளும் தொடங்கியிருக்கும். அதற்குப் பிறகு பிழைப்பது மிக மிக அரிது. சோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்த தாளை நம்பி வீட்டில் உட்கார்ந்திருந்தால், கையில் இருந்த அவகாசம் முழுவதும் வீணாகிவிடும்.

அந்த அவகாசத்தைப் பயன்படுத்தித்தான் 1885இல் லூயி பாஸ்டர் கடிபட்ட சிறுவன் ஒருவனைக் காப்பாற்றினார். இன்றும் அதையேதான் செய்கிறோம். செயலிழக்கச் செய்த வைரஸை ஊசி மூலம் வெளிப்படையாகக் காட்டினால் உடல் அதை அடையாளம் கண்டு எதிர்ப்பொருளை உருவாக்குகிறது. அதற்கு ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். அதுவரை காவலுக்குத்தான் இம்யூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருளைக் காயத்துக்குள்ளேயே செலுத்துகிறார்கள். காயத்தில் ஊசியா என்று மறுக்காதீர்கள்.

கடிக்கவில்லையே என்று வாதாடாதீர்கள். மாட்டுத் தீவனம் அறுக்கும் கையில் கீறல் இல்லாமல் இருக்குமா? கீறல் உள்ள தோலிலோ கண்ணிலோ வாயிலோ எச்சில் பட்டால், ஆழமான கடிக்கு இணையான மூன்றாம் வகையில்தான் சேர்த்திருக்கிறார்கள். தடுப்பூசி, இம்யூனோகுளோபுலின் இரண்டுமே வேண்டும். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். வைரஸின் கொழுப்புறையை சோப்பு கரைத்துவிடும். சுண்ணாம்பு, மிளகாய்ப்பொடி எதையும் அப்பாதீர்கள். அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள், "ரேபீஸ் சந்தேகமுள்ள மாட்டின் வாயில் கை விட்டேன்" என்று மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். தோலுக்குள் போடும் ஊசி முதல் நாளிலும், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாள்களிலும். நடுவில் நிறுத்தக் கூடாது. தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசி இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஒழிந்துவிட்டது. இன்னும் அதற்குப் பயப்படுகிறவர்களைப் பார்க்கிறேன்.

ஒவ்வொரு முறையும் நடக்கும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மாடு ரேபீஸில் இறந்தது என்று தெரிந்ததும், அதன் பாலைக் காய்ச்சிக் குடித்த தெருவே ஊசிக்கு ஓடுகிறது. கொதித்த பாலில் இந்த வைரஸ் உயிரோடு இருக்காது. அவர்களுக்கு ஊசி தேவையில்லை. சந்தேகம் வந்த மாட்டைக் கறக்காமல் விட்டாலே போதும். வாயில் கை விட்டவரோ, மாடு போன வருத்தத்தில் வீட்டிலேயே இருந்துவிடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் அவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போங்கள்.

மாட்டையே நாய் கடித்துவிட்டால், கடித்த இடத்தைக் கழுவிவிட்டு அன்றே எங்களிடம் சொல்லுங்கள். கடித்த பிறகு போடும் தொடர் ஊசி மாட்டுக்கும் உண்டு. நாங்கள் முன்கூட்டியே தடுப்பூசி போட்டிருப்பவர்கள். எங்கள் உடல் இந்த வைரஸை ஏற்கெனவே நினைவில் வைத்திருக்கிறது, எச்சில் பட்டாலும் இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். எனவே தயவுசெய்து, முதலில் எங்களைக் கூப்பிடுங்கள்.