தங்கத்தை மட்டும் காட்டும் கருவி எங்கேயும் கிடையாது

போன செவ்வாய்க்கிழமை மத்தியானம், என் ரிப்பேர் கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிடக் கிளம்பும் நேரத்தில் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். முப்பது வருஷத்துக்கு மேல் பால்மரம், அதாவது ரப்பர் மரம், சீவியவர். கையில் ஒரு கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. "தம்பி, இது ஒரு மாசமா ஒண்ணுமே காட்ட மாட்டேங்குது. கொஞ்சம் பாரு" என்றார்.

பெட்டிக்குள் துப்பாக்கிப் பிடி மாதிரி ஒரு கைப்பிடி, இழுத்தால் நீளும் இரண்டு ஏரியல், ஒரு சின்னத் திரை. ஒரு கிலோமீட்டர் தூரத்துத் தங்கத்தைத் திசையோடு காட்டும் என்று யாரோ ஃபேஸ்புக்கில் விற்றிருக்கிறார்கள். விலை 4,800 வெள்ளி, அதாவது மலேசிய ரிங்கிட். சேமநிதிப் பணம்.

நான்கு திருகைக் கழற்றித் திறந்தேன். ஒன்பது வோல்ட் பேட்டரி, மூன்று எல்.ஈ.டி. விளக்கு, ஒரு பஸ்ஸர், சில காசுக்குக் கிடைக்கும் ஒரு சர்க்யூட் பலகை. ஏரியலிலிருந்து வந்த ஒயர் எதிலும் பற்றவைக்கப்படவில்லை. அதன் நுனியைச் சூட்டுப் பசையால் பிளாஸ்டிக்கில் ஒட்டியிருந்தார்கள். பெரியவர் குனிந்து பார்த்துவிட்டு, "ஒயர் விட்டுப்போச்சா? ஒட்டிக் கொடுத்துடேன்" என்றார். ஐயா, இதை ஒட்டுவதற்கு இடமே இல்லை என்று அவரிடம் சொல்ல எனக்கு நேரம் பிடித்தது.

இந்த வருஷத்தில் என் மேசைக்கு வந்த நான்காவது பெட்டி இது. அதனால்தான் எழுதுகிறேன்.

பகாங் மாநிலத்தின் இந்த ரவூப் வட்டாரத்தில் தங்கப் பேச்சு புதிதில்லை. ஊர்ப் பெயரே கையால் மண்ணை அள்ளினால் தங்கம் வந்ததால் அமைந்தது என்று சொல்லுவார்கள். வில்லியம் பிப்பி என்பவர் 1889-இல் தொடங்கிய ஆஸ்திரேலியக் கம்பெனியின் தங்கச் சுரங்கம் இங்கே புக்கிட் கோமானில் இருந்தது. ஆனால் அது சுரங்கம். பூமிக்குள் இறங்கி, கல்லை வெட்டி, உடைத்து, அரைத்து எடுத்த தங்கம். மேலே நடந்துபோய் ஒரு குச்சியை நீட்டி எடுத்தது இல்லை.

சரி, என்னை அதிகம் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். "தங்கத்தை மட்டும் காட்டும் மெஷின் இருக்கா?" என்று வாரத்துக்கு ஒருவர் கேட்கிறார். இல்லை. எந்த மெட்டல் டிடெக்டருக்கும் தங்கம் என்றால் என்னவென்று தெரியாது. சுருளிலிருந்து போகும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சின்ன மின்னோட்டத்தைக் கிளப்புகிறது, அந்த மின்னோட்டத்தின் எதிரொலியைக் கருவி கேட்கிறது. அவ்வளவுதான். உலோகம் எவ்வளவு நன்றாக மின்சாரத்தைக் கடத்துகிறது, எவ்வளவு பெரியது, என்ன வடிவம் என்ற மூன்றும் கலந்த ஒரு விடை கிடைக்கும். அந்த விடையைத்தான் திரையில் எண்ணாகப் போடுகிறார்கள்.

பெரியவருக்கு இதைக் காட்டியே ஆக வேண்டும் என்று தோன்றியது. என் மனைவியின் மூக்குத்தியை வாங்கி பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்தேன். பக்கத்தில் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளில் ஒரு துண்டைக் கிழித்து, உருட்டி வைத்தேன். என்னிடம் உள்ள நல்ல டிடெக்டரை இரண்டின் மேலும் ஆட்டினேன். ஏறக்குறைய ஒரே எண், ஒரே சத்தம். அவர் கையிலேயே கொடுத்து ஆட்டச் சொன்னேன். மூன்று தடவை ஆட்டிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துவிட்டார். பான டின்னைத் திறக்கும் வளையத்துக்கும் கல்யாண மோதிரத்துக்கும்கூட இதே குழப்பம் வரும். திரையில் "தங்கம்" என்று எழுத்து வந்தால், அந்த எண் வரம்புக்குள் ஏதோ ஓர் உலோகம் இருக்கிறது என்று மட்டும் பொருள். தோண்டிப் பார்த்தால்தான் தெரியும். அதனால், "தங்க மோட்" என்ற ஒரு வார்த்தைக்காக ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

தூரமும் அப்படித்தான். சுருளின் அளவைத் தாண்டியபின், பொருள் இரண்டு மடங்கு தூரம் போனால் திரும்பி வரும் சைகை கிட்டத்தட்ட 64-இல் ஒரு பங்காகிவிடும். போகும் வழியிலும் தேய்கிறது, வரும் வழியிலும் தேய்கிறது. அரிசி மணி அளவுத் தங்கத்தை நல்ல கருவி சில அங்குலத்துக்குள் கண்டுபிடித்தாலே பெரிய விஷயம். ஒரு கிலோமீட்டர் என்பது பொய். குண்டைக் கண்டுபிடிக்கும் என்று இராக்குக்கு விற்கப்பட்ட ஏ.டி.ஈ. 651-ம் இதே ஏரியல் வகைதான். உள்ளே ஒன்றுமே இல்லை. அதை விற்ற ஜேம்ஸ் மெக்கார்மிக்குக்கு 2013-இல் பிரிட்டிஷ் நீதிமன்றம் பத்து வருஷம் சிறை கொடுத்தது. பக்கத்துத் தாய்லாந்தில் ராணுவம் வாங்கிய அதே வகை ஜி.டி. 200-ஐ 2010-இல் சோதித்தபோது 20 தடவையில் நான்கு தடவைதான் சரியாகக் காட்டியது. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் அவ்வளவு வரும்.

கைப்பேசியில் இறக்கும் "கோல்ட் டிடெக்டர்" செயலியும் வேண்டாம். அது திசைகாட்டிக்கான காந்த உணரியை வைத்து இரும்பைக் காட்டும். தங்கம் காந்தத்தில் ஒட்டாது.

அப்புறம், உண்மையான கருவிகளில் என்ன மாறியிருக்கிறது? நிறைய மாறியிருக்கிறது, அதை மறுக்கவில்லை. சுருள் ஓயாமல் அலை அனுப்பிக்கொண்டே இருக்கும் பழைய வி.எல்.எஃப். வகையில், அதிர்வெண் கூடினால் சின்னத் தங்கத் துணுக்கும் நன்றாகக் கேட்கும். ஃபிஷர் கோல்ட் பக் 2 வேலை செய்வது 71 கிலோஹெர்ட்ஸில், மைன்லேப் கோல்ட் மான்ஸ்டர் 1000 வேலை செய்வது 45-இல். சாதாரணமாக நாணயம் தேடும் கருவிகள் இதைவிட மிகக் குறைந்த அதிர்வெண்ணில் ஓடும். ஆனால் இரும்புச் சத்துள்ள செம்மண்ணில் இந்த வகை திணறும், மண்ணே கத்தும். அதற்காக வந்ததுதான் பல்ஸ் இண்டக்‌ஷன். காந்தப்புலத்தைத் துடிப்பு துடிப்பாக அனுப்பி, இடைவெளியில் எதிரொலியைக் கேட்கும் வகை இது. மண்ணைச் சமாளித்து ஆழமாகப் பார்க்கும். 2015-இல் சற்று வேறு முறையில் ஓடும் மைன்லேப் ஜி.பி.இசட். 7000 வந்தது, 2021-இல் எடை குறைந்த பல்ஸ் வகை ஜி.பி.எக்ஸ். 6000 வந்தது. இரண்டும் நல்ல கருவிகள், விலை பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். ஆஸ்திரேலியாவில் காய்ந்த நிலத்தில், மேலாகவே கட்டிகள் கிடக்கும் இடத்தில், இவை சோறு போடும். 27 கிலோ எடையுள்ள 'ஹேண்ட் ஆஃப் ஃபெய்த்' கட்டியை விக்டோரியாவின் கிங்கோவரில் 1980-இல் ஒருவர் டிடெக்டரால்தான் எடுத்தார். யூட்யூபில் அந்த மாதிரி காட்சியைப் பார்த்துவிட்டு நம்மவர்கள் இங்கே ஆர்டர் போடுகிறார்கள்.

நம் மண்ணை நினைத்துப் பாருங்கள். இன்று செம்பனை நிற்கும் இடத்தில் நேற்று பால்மரம் நின்றது. ஒவ்வொரு மரத்திலும் கோப்பையைத் தாங்க ஒரு கம்பி, பால் வடிய ஒரு தகரத் துண்டு. மரம் போனது, கம்பி மண்ணுக்குள் கிடக்கிறது. பல்ஸ் இண்டக்‌ஷன் கருவிக்கு இரும்பைப் பிரித்துச் சொல்லும் திறன் குறைவு. பழைய தோட்டத்தில் அதைக் கொண்டுபோனால் நாள் முழுக்கக் கம்பிதான் தோண்டுவீர்கள். பக்கத்தில் உயரழுத்த மின்கம்பி போனால் அதுவும் சேர்ந்து இரையும். பதினைந்தாயிரம் கொடுத்து வாங்கியவர் ஒருவர், கருவி கெட்டுப்போய்விட்டது என்று என்னிடம் கொண்டுவந்தார். கருவி நன்றாகத்தான் இருந்தது.

ஆற்றில் இருப்பதோ பெரும்பாலும் தூள். தூளை எந்த டிடெக்டரும் கேட்காது, எந்த விலையாக இருந்தாலும். அதற்குத் தட்டுதான். நம் பாட்டிமார் காலத்தில் பார்த்த, ஆற்று மணலை அலசித் தங்கம் பிரிக்கும் டூலாங் தட்டு.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் முதலில் வாடகைக்கு எடுங்கள். உங்கள் இடத்து மண்ணில், ஒரு கிராம் மோதிரத்தைப் புதைத்துவிட்டு, நீங்களே ஆட்டிப் பாருங்கள். கடைக்காரர் மேசையில் வைத்துக் காட்டுவதை நம்பாதீர்கள், மேசையில் மண் இல்லை. தொடங்குபவருக்குச் சின்னச் சுருள் உள்ள உயர் அதிர்வெண் வி.எல்.எஃப். போதும் என்பது என் எண்ணம். இரண்டு, மூன்று வருஷம் பழகியபின் மேலே யோசிக்கலாம். பெரிய பெயருள்ள கருவி பாதி விலைக்கு வந்தால் அது போலி. தயாரிப்பாளரின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளர்தானா, வரிசை எண் உண்மையானதுதானா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பேட்டரியைக் கழற்றி வையுங்கள். இங்கே மழைக்காலத்தில் கசிந்த பேட்டரியால் செத்த பலகைகள் எனக்கு வாரம் ஒன்று வருகின்றன.

அனுமதி விஷயம். நிலம் உங்கள் பெயரில் இருந்தாலும் உள்ளே இருக்கும் கனிமம் மாநில அரசுடையது. தோட்டத்து நிலம் கம்பெனியுடையது. நில, கனிம அலுவலகத்திலும் தோட்ட மேலாளரிடமும் கேட்காமல் தோண்டாதீர்கள். பழைய நாணயம், பானை மாதிரி ஏதாவது வந்தால் 2005-ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் இருக்கிறது, தெரிவிக்க வேண்டும். பெரிய இரும்பு உருளை தெரிந்தால் மண்வெட்டியை வைத்துவிட்டுப் போலீஸைக் கூப்பிடுங்கள், சண்டைக் காலத்துக் குண்டாக இருக்கலாம். காலில் புண்ணோடு ஆற்றில் இறங்க வேண்டாம், எலிக் காய்ச்சல் விளையாட்டில்லை.

ஏமாந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். பணம் அனுப்பிய சூட்டோடு 997-க்கு அடியுங்கள், தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். நேரம் போகப் போகப் பணம் வேறு கணக்குக்குப் போய்விடும். விற்றவர் கடைக்காரர் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் ஐந்து வெள்ளி கட்டி, 50,000 வெள்ளி வரை கேட்கலாம். வக்கீல் வேண்டாம், மூன்று வருஷத்துக்குள் போக வேண்டும்.

பெரியவருடைய பெட்டி இன்னும் என் மேசைக்கு அடியில்தான் இருக்கிறது. ரசீதையும் வாட்சப் பேச்சையும் அச்செடுத்து ஒரு கவரில் வைத்திருக்கிறேன். சனிக்கிழமை காலையில் பசியாறிவிட்டு அவரோடு போலீஸ் நிலையத்துக்குப் போகிறோம்.