செவ்வாய் மட்டும்

சபையில் யாராவது எழுந்து "வேலையை விட்டுட்டு ஊழியத்துக்கு வந்துட்டேன்" என்று சாட்சி சொன்னால் எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும். மெடிக்கல் ஷாப்பில் மருந்தாளுநர் நான். ஞாயிறு சாயங்காலம் சுவிசேஷக் கைப்பிரதி கொடுப்பது ஊழியம், மற்ற ஆறு நாளும் பிழைப்பு என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அந்தக் காலத்தில்தான் அந்தப் பாட்டி வந்தார். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட். வாரம் ஒன்று வீதம் நாலு வாரத்துக்கு நாலு மாத்திரை. சீட்டில் தெளிவாகத்தான் இருந்தது. கூட்ட நேரம். "சாப்பிட்டுட்டு ஒண்ணு போடுங்க பாட்டி" என்று கவரை நீட்டிவிட்டேன். எட்டாம் நாள் வந்து நின்றார்.

"மாத்திரை நாலு நாள்லயே தீந்துட்டு தம்பி. வாயெல்லாம் புண்ணு, கஞ்சிகூட இறங்கல."

தினம் ஒன்றாக நாலையும் போட்டிருக்கிறார். ஆட்டோ பிடித்து டாக்டரிடம் கூட்டிப்போனேன். சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்து பிழைத்துக்கொண்டார்.

மெத்தோட்ரெக்சேட் புற்றுநோய்க்கும் கொடுக்கிற மருந்து. முடக்குவாதத்துக்குக் குறைந்த அளவில், வாரம் ஒருமுறைதான். தினமும் போட்டால் எலும்பு மஜ்ஜையில் ரத்த அணுக்கள் உருவாவது படுத்துவிடும், உயிரே போகலாம். கூடவே எழுதித் தரும் ஃபோலிக் ஆசிட் என்ற வைட்டமினும் பல நேரம் அதே மஞ்சள், அதே பொடி மாத்திரை; ஒன்றுக்கொன்று மாறிவிடும். வலி கூடிவிட்டதென்று நடுவில் ஒன்று சேர்த்துப் போடவே கூடாது. வாய்ப்புண், காய்ச்சல், அடிபடாமலே ரத்தக்கட்டு என்று எது வந்தாலும் அன்றே டாக்டரைப் பாருங்கள்.

பைபிளில் பவுல் எழுதிய கொலோசெயர் நிருபத்தின் 3:22ஐ அந்த வாரம்தான் நிறுத்திப் படித்தேன். "பார்வைக்கு ஊழியஞ்செய்யாமல்" என்று பவுல் சொல்வது போதகர்களிடம் இல்லை, எஜமானுக்குக் கீழே வேலை செய்த அடிமைகளிடம். அவர்கள் பார்த்த வேலைக்கே நம் வேதாகமத்தில் ஊழியம் என்றுதான் பெயர். சரி, என் வேலையில் யார் பார்வையும் படாத இடம் எது? கவரின் மேல் எழுதுகிற இரண்டு வார்த்தை. முதலாளி பார்க்க மாட்டார், டாக்டரும் பார்க்க மாட்டார். எழுதாவிட்டாலும் ஒன்றாம் தேதி சம்பளம் வந்துவிடும்.

இப்போதெல்லாம் கிழமை கேட்டுத்தான் கொடுக்கிறேன். சிலர் ஞாயிறு என்பார்கள், சிலர் சந்தை நாள் என்பார்கள். அவர்கள் சொன்ன கிழமையைச் சிவப்புப் பேனாவில் "செவ்வாய் மட்டும்" என்பதுபோல் பெரிதாக எழுதி, ஃபோலிக் ஆசிட்டைத் தனிக் கவரில் போட்டு, அவர்களையே ஒருமுறை திருப்பிச் சொல்லச் சொல்வேன். படிக்கத் தெரியாதவர் என்றால் வீட்டில் யாருக்காவது போன் போட்டுச் சொல்லிவிடுவேன். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்தான். (மருந்து வாங்க வந்தவரிடம் கைப்பிரதி நீட்டுவது எனக்கு உடன்பாடில்லை. நோயோடு நிற்கிறவரிடம் அது நியாயமில்லை.)

பாட்டி இப்போது பிரஷர் மாத்திரைக்கு வருகிறார். கவர் கைக்குப் போனதும் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கேட்பார்:

"தம்பி, இது தினமுமா, வாரத்துக்கு ஒண்ணா?"