வெக்டர் சேவ் கோடு ரிவ்யூவுக்கு வந்தா வரிசையைப் பாருங்க

கேவிஎம்ல (லினக்ஸ் கெர்னல்ல வர்ச்சுவல் மெஷின் ஓட்டுற பகுதி) ரிஸ்க்-ஃபைவ் ப்ராசஸரோட வெக்டர் (ஒரே இன்ஸ்ட்ரக்ஷன்ல பல எண்களைக் கணக்கு பண்ற வசதி) பேட்ச் ரிவ்யூ பண்றவங்களுக்காக எழுதுறேன். ஒரு கெஸ்ட் (வர்ச்சுவல் மெஷின்) போய் இன்னொண்ணு வரும்போது அதோட வெக்டர் ரெஜிஸ்டரை சேவ், ரிஸ்டோர் பண்ற இடத்துல தப்பு நடந்தா ஹோஸ்ட் கெர்னல் கிராஷ் ஆகாது, லாக்ல ஒரு வரி வராது, கெஸ்ட்டுக்குள்ள யாரோ ஒருத்தரோட கணக்கு மட்டும் எப்பவாச்சும் தப்பா வரும், அதான் பயமா இருக்கு.

வெக்டர் 1.0 ஸ்பெக் 2021ல உறுதியாச்சு, லினக்ஸ்ல 6.5 வெர்ஷன்ல (2023) உள்ள வந்துச்சு. ரெஜிஸ்டர் மொத்தம் 32, ஆனா நீளம் சிப்புக்கு சிப் மாறும். 128 பிட்னா எல்லாம் சேர்த்து 512 பைட் தான், ஸ்பெக் விடுற 65,536 பிட் வரைக்கும் போனா 256 கேபி. அதனால விசிபியு (கெஸ்ட்டுக்குக் கொடுக்கிற வர்ச்சுவல் சிபியு) உருவாகும்போதே மெமரி அலோகேட் பண்ணியாகணும். அங்க கேஸாலக் (மெமரியை 0 ஆக்கித் தர்றது) இருக்கா கேமாலக் இருக்கானு கண்டிப்பா பாருங்க. கேமாலக்னா மெமரியைத் துடைக்காம கொடுக்கும், கெர்னல் முன்னாடி அதுல வச்சிருந்தது அப்படியே கெஸ்ட் ரெஜிஸ்டருக்குள்ள போயிடும்.

இப்போ வரிசை விஷயம். டேட்டாவை மெமரிக்கு அனுப்பணும்னா முதல்ல விசெட்விஎல்ஐ இன்ஸ்ட்ரக்ஷன் போட்டு 8 பிட், 8 ரெஜிஸ்டர் குரூப்னு மாத்திக்கணும். அப்படி மாத்தின உடனே கெஸ்ட் வச்சிருந்த விஎல் (எத்தனை எண்), விடைப் (எத்தனை பிட், எவ்ளோ பெரிய குரூப்) ரெண்டும் அழிஞ்சிடும். விஸ்டார்ட்டும் (எந்த எண்ல இருந்து ஆரம்பிக்கணும்னு சொல்றது) அப்படித்தான், எந்த வெக்டர் இன்ஸ்ட்ரக்ஷன் ஓடி முடிஞ்சாலும் 0 ஆயிடும். அதனால சேவ் பண்றப்போ இதெல்லாம் முதல்ல, டேட்டா அப்புறம். ரிஸ்டோர்ல அப்படியே தலைகீழ்.

ஒரு தடவை எங்க இன்டர்னல் ட்ரீக்கு வந்த பேட்ச்ல சேவ் பக்கம் இந்த வரிசை மாறி இருந்துச்சு, நான் ரெஜிஸ்டர் எல்லாம் விட்டுப்போகாம இருக்கானு எண்ணிப் பார்த்துட்டு ரிவ்யூட்-பை டேக் (பார்த்தாச்சு, சரினு போடுற பேர்) கொடுத்துட்டேன். கெஸ்ட்ல 32 பிட் கூட்டல் லூப், விஎல் 5. விசெட்விஎல்ஐக்கும் கூட்டலுக்கும் நடுவுல டைமர் வந்து வேற விசிபியு அந்த கோர்ல ஏறிட்டா, திரும்பி வரும்போது அதே கூட்டல் 8 பிட்டா ஓடும், கேரி தொலைஞ்சிடும். ரெஜிஸ்டர் நம்பர் 8ஆல வகுபடலைனா இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன்னாவது வரும், எங்களுக்கு வி8, வி16, அதனால சத்தமே இல்லாம தப்பான விடை. செக்சம் மணிக்கணக்குல ஒரு தடவை தான் மாறும், ரேம் மேல சந்தேகப்பட்டு மெஷினையே மாத்தினோம், 9 நாள் போச்சு.

விஎஸ் பிட்டையும் (வெக்டர் ரெஜிஸ்டர்ல கெஸ்ட் புதுசா எழுதினா டர்ட்டி, இல்லைனா க்ளீன்னு காட்டுறது) பாருங்க. டர்ட்டினா மட்டும் சேவ் பண்ணி க்ளீன்னு மாத்துறது சரி, ஆனா சேவ் ஆகறதுக்கு முன்னாடியே க்ளீன் ஆக்குற பாதை எங்கயாவது இருந்தா கெஸ்ட் எழுதினது போச்சு. லைவ் மைக்ரேஷன்ல (ஓடிட்டு இருக்கிற கெஸ்ட்டை வேற மெஷினுக்கு மாத்துறது) விலென்பி (வெக்டர் ரெஜிஸ்டர் நீளம், பைட்ல) பொருந்தலைனா எரர் திருப்பணும், சும்மா ஏத்துக்கிற கோடு வந்தா நிறுத்துங்க.

இப்போ எந்த பேட்ச் வந்தாலும் ரெண்டு கெஸ்ட்டை ஒரே கோர்ல பின் பண்ணி, விஎல் 5, 7, 13னு ஒத்தைப்படையா வச்சு, ஒரு சுத்துல வி8, அடுத்த சுத்துல வி9 வச்சு ராத்திரி முழுக்க ஓட விடுறேன். காலைல செக்சம் பார்த்த அப்புறம் தான் ரிவ்யூட்-பை டேக்.