மூச்சுக்காற்று மாற்றிய தச்சர் பெயர்

அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் இயற்பெயர் ராபர்ட் ஸிம்மர்மேன். ஜெர்மன் உச்சரிப்பில் அது ட்ஸிம்மர்மான். ஜெர்மன் படித்துவரும் வாசகர் ஒருவர் அதை வைத்துக் கேட்டிருக்கிறார்: "ட்ஸிம்மர் என்றால் அறை, மான் என்றால் ஆள். அறை ஆள் என்று ஒரு தொழில் இருந்ததா?"

தொழில் இருந்தது, ஆனால் அது தச்சு. பழைய ஜெர்மனில் ட்ஸிம்மர் என்பது வீடு கட்டும் மரம். அப்புறம் அந்த மரத்தால் எழுந்த கட்டடம், கடைசியில் அதற்குள் இருக்கும் அறை என்று பொருள் நகர்ந்துவிட்டது. ஆனால் ஜெர்மனியில் உத்தரமும் கைமரமும் பூட்டிக் கூரை எழுப்புபவர் இன்றும் ட்ஸிம்மர்மான்தான். மேசை, நாற்காலி செய்பவருக்கு வேறு பெயர், டிஷ்லர்.

ஆங்கிலத்தில் டிம்பர் என்கிறோமே, அதற்கும் இதற்கும் வேர் ஒன்றுதான். அங்கே ட், இங்கே ட்ஸ். இந்தச் சின்ன வேறுபாடு எப்படி வந்தது என்பதுதான் எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட ஒருவரை, உள்ளங்கையை வாய்க்கு அருகே வைத்துக்கொண்டு 'டென்' என்று சொல்லச் சொல்லுங்கள். கையில் பொக்கென்று காற்று படும். நாம் சொன்னால் படாது, ஏனென்றால் நம் டகரத்தில் அந்த மூச்சு இல்லை. அவர் ட் சொல்லும்போது நாக்கின் நுனி மேல் பல் ஈறில் ஒட்டிக் காற்றை அடைக்கிறது. பின்னால் அழுத்தம் ஏறுகிறது. நாக்கு சட்டென்று விலகினால் காற்று வெடித்து வெளியேறும். விலகுவதில் கொஞ்சம் மந்தமாக இருந்தால்? நாக்குக்கும் ஈறுக்கும் நடுவில் மெல்லிய இடுக்கு உண்டாகும். குக்கர் வெயிட்டை லேசாகத் தூக்கினால் ஆவி சீறுகிற மாதிரி, காற்று அந்த இடுக்கில் உரசிச் சீறும். அந்தச் சீறல்தான் ஸ். ட்-உடன் சீறல் சேர்ந்தால் ட்ஸ்.

சுமார் 6ஆம் நூற்றாண்டிலிருந்து தெற்கு ஜெர்மன் பேச்சில் இது பரவியது. டென் அங்கே ட்ஸேன் ஆனது. உயிரொலிக்குப் பின்னால் அடைப்பே கரைந்து சீறல் மட்டும் மிஞ்சியது: ஆங்கிலத்தில் வாட்டர், ஜெர்மனில் வாஸர். ப், க் இரண்டுக்கும் இதே கதி. குழல் ஊதும் பைப்பர் அங்கே ப்ஃபைஃபர். ஷூமேக்கர் அங்கே ஷூமாஹர். நாம் ஷூமாக்கர் என்று எழுதும் கார் பந்தய வீரரின் பெயர் இதுதான்.

எல்லாம் மூச்சின் வேலைதான் என்பதற்கு அழகான சான்று ஒன்று இருக்கிறது. அதே நண்பரை 'ஸ்டோன்' என்று சொல்லச் சொல்லுங்கள். இம்முறை கையில் காற்று படாது. ஸ்-க்குப் பின்னால் வரும் ட்-இல் மூச்சு வெடிப்பதில்லை. ஜெர்மனிலும் சரியாக அந்த இடத்தில் ட் மாறாமல் நிற்கிறது: ஷ்டைன். ஐன்ஸ்டைனின் பெயரில் இருக்கும் கல் அதுதான். மூச்சு இல்லாத இடத்தில் மாற்றமும் இல்லை! ஆயிரத்து சொச்சம் வருடங்களுக்கு முன் பேசியவர்களின் வாய்க்குள் நடந்ததை இன்று நம் கையை வைத்துச் சோதிக்க முடிகிறது.

ஆங்கிலம் இதில் சிக்கவில்லை. அதன் முன்னோர்கள் 5ஆம் நூற்றாண்டிலேயே கடல் தாண்டி பிரிட்டனுக்குப் போய்விட்டார்கள். ஜெர்மனிக்குள்ளும் இந்த அலை வடக்கே போகப் போக ஓய்ந்தது. அதனால் தெற்கே ட்ஸிம்மர்மான் என்றால் வடக்கே டிம்மர்மான். ப்ஃபைஃபர் என்றால் பீப்பர். பெயரைப் பார்த்தே அது எந்தப் பக்கத்துப் பெயர் என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

இப்படி ஊருக்கு ஊர் பேச்சு எப்படி மாறுகிறது என்று பார்க்க, 1876இல் கேயோர்க் வெங்கர் என்ற ஜெர்மன் மொழி ஆய்வாளர், சின்னச் சின்ன வாக்கியங்களை ரைன் பகுதிப் பள்ளிகளுக்கு அனுப்பி, உங்கள் ஊர்ப் பேச்சில் எழுதித் தாருங்கள் என்று கேட்டார். பிறகு அந்தப் பணி நாடு முழுக்க விரிந்து, மொழி வரைபடங்களாக வளர்ந்தது. உடனே என்ன லாபம் என்று யாராவது கேட்டிருந்தால் அது தொடங்கியே இருக்காது. இப்படிப்பட்ட ஆய்வுக்குப் பயன் கேட்காமல் பணம் தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ட்ஸிம்மர்மான் என்ற பெயர் அமெரிக்கா போனதும் கடைசி இரட்டை ன் பெரும்பாலும் ஒற்றையானது, ட்ஸ் வெறும் ஸ் போல மென்மையானது. சிலர் கார்ப்பென்டர் என்று மொழிபெயர்த்தே வைத்துக்கொண்டார்கள். 1917இல் ஜெர்மன் வெளியுறவு அமைச்சர் ஆர்தர் ட்ஸிம்மர்மான் மெக்ஸிகோவைக் கூட்டுக்கு அழைத்து அனுப்பிய ரகசியத் தந்தி வெளிப்பட்டது. அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஜெர்மன் பெயர் வைத்திருப்பதே சங்கடமான காலம் அது. பலர் தங்கள் பெயரை ஆங்கிலமாக்கிக்கொண்டார்கள்.

நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட எல்லிஸ் தீவு அதிகாரிகள்தான் குடியேறிகளின் பெயர்களை வெட்டிச் சுருக்கினார்கள் என்ற கதையை மட்டும் நம்பாதீர்கள். அவர்கள் கையில் இருந்தது, கப்பல் புறப்படும்போதே எழுதிய பட்டியல். அதைச் சரிபார்ப்பதுதான் அவர்கள் வேலை. பெயரை மாற்றியது பெரும்பாலும் குடியேறிய குடும்பங்களேதான், வேலைக்காகவும் அக்கம்பக்கத்துக்காகவும், பிற்பாடு.