காணாமலாக்கம்: சொல்லும் பொருளும்

ஈரோட்டிலோ கோயம்புத்தூரிலோ காலைப் பேப்பரைப் பிரித்தால் "கல்லூரி மாணவி மாயம்", "மில் தொழிலாளி மாயம்" என்று ஒரு சின்னச் செய்தியாவது கண்ணில் படும். காவல் நிலையத்தில் அதையே "ஆள் காணவில்லை" என்று பதிவார்கள். வீட்டுக்காரர்கள் "ஆளைக் காணோமுங்க" என்பார்கள். மூன்றுக்கும் பொருள் ஒன்றுதான். ஒருவர் இருந்த இடத்தில் இல்லை, காரணம் தெரியவில்லை. கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம், வழியில் விபத்து நடந்திருக்கலாம்.

ஆனால் நாலு பேர் பார்க்க ஒருவரைச் சீருடைக்காரர்கள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மறுநாள் கேட்டால் "அப்படி யாரையும் நாங்கள் பிடிக்கவே இல்லை" என்கிறார்கள். இதை "மாயம்" என்று எழுதினால் அது பொய்ச் செய்தி. இதற்குரிய சொல் காணாமலாக்கம். அதற்கு ஆளானவர் காணாமலாக்கப்பட்டவர்.

இலக்கணத்தைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் தெளியும். 'காண்' என்ற வினையின் எதிர்மறை எச்சம் 'காணாமல்'. அதோடு 'போ' சேர்ந்தால் 'காணாமல் போனவர்'. போனது அவர்தான், வேறு யாருக்கும் அதில் பங்கில்லை. 'ஆகு' என்பதன் பிறவினை 'ஆக்கு'. அது சேர்ந்தால் 'காணாமல் ஆக்கு'. இப்போது செய்தவர் ஒருவர் வந்துவிடுகிறார். 'ஆக்கப்பட்டவர்' என்று செயப்பாட்டில் சொல்லும்போது அவர் பெயர் வெளியே தெரியாது, ஆனால் இருக்கிறார். "யார் ஆக்கியது?" என்று அடுத்து கேட்டே ஆக வேண்டும்.

இதே மாற்றம் ஸ்பானிய மொழியிலும் நடந்தது. அர்ஜென்டினாவில் 1976 முதல் 1983 வரை ராணுவ ஆட்சி. அப்போது பிடித்துச் செல்லப்பட்டுத் திரும்பாதவர்களை அங்கே 'தெசாபரெசிதோஸ்' என்றார்கள். நேர்ப்பொருள் 'மறைந்தவர்கள்'. தானாக மறைவதைக் குறித்த அந்த வினையை மக்கள் திருப்பிப் போட்டு, "அவனை மறைத்துவிட்டார்கள்" என்கிற பொருளில் பேசத் தொடங்கினார்கள். 1977-இல் தாய்மார்கள் பியூனஸ் அயர்ஸின் மாயோ சதுக்கத்தில் கூடிப் பிள்ளைகள் எங்கே என்று கேட்டார்கள். செயல் அதற்கும் பழையது. 1941 டிசம்பரில் ஹிட்லர் ஆட்சி பிறப்பித்த ஆணைக்கு 'இரவும் மூடுபனியும்' என்றே பெயர். ஆட்களைத் தடமில்லாமல் கொண்டுபோய், குடும்பத்துக்கு ஒரு சேதியும் சொல்லாமல் விடுவதுதான் அதன் நோக்கம். ஐ.நா. 1980-இல் இதற்கென ஒரு செயற்குழு அமைத்தது. காணாமலாக்கத்துக்கு எதிராக 2006-இல் வந்த ஐ.நா. உடன்படிக்கை 2010-இல் நடைமுறைக்கு வந்தது.

தமிழில் இந்தச் சொல்லை உரக்கச் சொல்லிவருபவர்கள் ஈழத்துத் தாய்மார்கள். 2009 மே மாதம் போர் முடிந்தபோது ராணுவத்திடம் கண்ணெதிரே ஒப்படைத்த பிள்ளைகள், கணவன்மார்கள் எங்கே என்று இன்றும் கேட்கிறார்கள். 2016-இல் இயற்றிய சட்டத்தின்படி இதற்கென இலங்கை அரசு அமைத்த அலுவலகத்தின் பெயரில் 'காணாமற்போன ஆட்கள்' என்றுதான் இருக்கிறது. உறவினர்கள் பிடித்த பதாகைகளிலோ 'வலிந்து காணாமல் ஆக்கப்பட்டோர்' என்று இருக்கும். பவானிசாகரிலும் அரச்சலூரிலும் மறுவாழ்வு முகாம்களில் உள்ள ஈழத்தமிழர்களுக்கு இதன் எடை தெரியும். பலவந்தமாக என்ற பொருளில் அவர்கள் எழுதும் 'வலிந்து' மட்டும் நம் பக்கத்துக் காதுக்குச் சற்று இடிக்கும். "வலிந்து போய்ப் பேசினான்" என்றால் தானாக முன்வந்து பேசினான் என்றுதான் இங்கே எடுத்துக்கொள்வோம். 'ஆக்கு' என்பதிலேயே பிறர் கை இருப்பதால், வெறும் காணாமலாக்கம் போதும் என்பது என் எண்ணம்.

இந்தச் சொல் மிகவும் தேவைப்படும் இடம் நாடுகடந்து வாழும் ஆயுதக் குழுக்களின் கதை. ஈரானின் மக்கள் முஜாஹிதீன் அமைப்பு 1965-இல் தொடங்கியது. மன்னர் ஷாவை எதிர்த்தது, அவரை வீழ்த்திய புரட்சிக்குப் பின் ஆட்சிக்கு வந்த மதத்தலைவர் கொமேனியின் அரசோடும் மோதியது. 1986-இல் அதன் தலைமை ஈராக்குக்குப் போனது. பாக்தாத்துக்கு வடக்கே தியாலா மாகாணத்தில் இருந்த அஷ்ரஃப் முகாம்தான் அதன் தளம். 2003-இல் அமெரிக்கப் படை அவர்களின் ஆயுதங்களைக் களைந்தது. 2012-இல் பெரும்பாலோரை பாக்தாத் விமான நிலையத்தருகே வேறு முகாமுக்கு மாற்றினார்கள். சொத்துகளைப் பார்த்துக்கொள்ள சுமார் நூறு பேர் அஷ்ரஃபிலேயே இருந்தார்கள். 2013 செப்டம்பர் 1 அன்று அங்கே தாக்குதல் நடந்தது. 50-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஆறு பெண்களும் ஓர் ஆணுமாக ஏழு பேரைக் காணவில்லை. அரசின் படைகள்தான் கொண்டுபோயின என்றது அமைப்பு. தங்களுக்குத் தொடர்பே இல்லை என்றது ஈராக் அரசு. அந்த ஏழு பேருக்காக யார் போய்க் கேட்பது? சொந்த நாடு அவர்களை எதிரி என்கிறது. தங்கிய நாடு கையை விரிக்கிறது. ஈராக்கில் மிஞ்சியிருந்த அமைப்பினரும் 2016-இல் அல்பேனியாவுக்குப் போய்விட்டார்கள். ஈரான்-ஈராக் போரில் ஈராக் பக்கம் நின்றவர்கள் என்று அந்த அமைப்பின் மேல் பலருக்குக் கோபம் உண்டு, அதற்கு நியாயமும் உண்டு. ஆனால் போரோ அவசரநிலையோ எதையும் காணாமலாக்கத்துக்குச் சாக்காகச் சொல்லக் கூடாது என்று உடன்படிக்கையின் முதல் பிரிவே சொல்லிவிடுகிறது.

இப்படிப்பட்டவர்களைப் பற்றி அரசுகள் விரும்பும் சொல் 'தலைமறைவு'. தானே ஒளிந்துகொண்டவர்தான் தலைமறைவானவர். பிடித்துவைத்திருப்பவரே அந்தச் சொல்லைச் சொன்னால் பழி பிடிபட்டவர் மேலேயே விழுகிறது. 'கடத்தல்' என்பதும் முழுதாகப் பொருந்தாது. கடத்தியவன் பெரும்பாலும் பணமோ வேறெதுவோ கேட்டு ஆள் தன்னிடம் இருப்பதைச் சொல்லிவிடுவான். காணாமலாக்கத்தின் உயிரே மறுப்பில் இருக்கிறது. வீரப்பனைத் தேடிய காலத்தில் சத்தியமங்கலம், தாளவாடி மலை ஊர்களில் அதிரடிப்படை கூட்டிப்போன பலர் எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் முகாம்களில் அடைபட்டிருந்ததாகப் புகார்கள் எழுந்தன. 1999-இல் தேசிய மனித உரிமை ஆணையம் நீதிபதி சதாசிவா தலைமையில் ஒரு குழு அமைத்து அவற்றை விசாரிக்க வேண்டிவந்தது.

இதை எதிர்கொள்ள நம் சட்டத்தில் இருக்கும் நல்ல சொல் 'ஆட்கொணர்வு மனு'. ஆளைக் கொண்டுவந்து நிறுத்து என்று நீதிமன்றத்தைக் கேட்பது. பாலக்காட்டுக் கணவாய்க்கு அந்தப்பக்கம், 1976 மார்ச்சில் கோழிக்கோடு பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீஸ் பிடித்துப் போனது. அவருடைய அப்பா 1977-இல் கேரள உயர் நீதிமன்றத்தில் இந்த மனுவைத்தான் போட்டார். ராஜனைப் பிடிக்கவே இல்லை என்று சொன்ன முதலமைச்சர் கருணாகரன் கடைசியில் பதவி விலகினார். ராஜனின் உடல்கூடக் கிடைக்கவில்லை.

ஏழு ஆண்டு சேதி இல்லாதவரை இறந்தவராகக் கொள்ளலாம் என்று நம் சாட்சியச் சட்டம் சொல்கிறது. காணாமல் போனவருக்கு அது சரி. காணாமலாக்கமோ, ஆளின் கதி தெரியும்வரை தொடரும் குற்றம் என்பதே சர்வதேசச் சட்டத்தின் பார்வை. உடன்படிக்கைப்படி குடும்பத்தாரும் பாதிக்கப்பட்டவர்களே. உண்மையை அறியும் உரிமை அவர்களுக்கு உண்டு. இந்தியா 2007-இல் கையெழுத்திட்டது, இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இதற்கெனத் தனிக் குற்றப்பிரிவு இல்லை. அதனால் இப்படிப்பட்ட புகாரை எழுதிக் கொடுப்பவர்கள் "என் மகனைக் காணவில்லை" என்று நிறுத்தாமல், எந்த நாளில், எந்த இடத்தில், யார் கூட்டிப்போனார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதி, "காணாமலாக்கியிருக்கிறார்கள்" என்றே முடிக்க வேண்டும்.