பேய் கேமில் பிள்ளைகள் தேடுவது என்ன?

"பையன் ராத்திரியெல்லாம் பேய் கேம் விளையாடுறான் மேடம். ஏதாவது பிடிச்சிருக்குமோன்னு பயமா இருக்கு." மலேசியாவின் பட்டர்வொர்த்தில் நான் ஆலோசகராக இருக்கும் மையத்துக்கு வரும் அம்மாக்கள் பலர் இப்படித்தான் பேச்சை ஆரம்பிப்பார்கள். அப்பாக்கள் கேட்பது வேறு: "காசு கொடுத்து யாராவது பயப்படுவாங்களா?" அப்பாக்களின் கேள்வி நல்ல கேள்வி. அதற்குப் பதில் தெரிந்துகொண்டால் அம்மாக்களின் பயத்தில் பாதி குறைந்துவிடும், மீதிப் பாதியை எங்கே வைக்க வேண்டும் என்பதும் புரியும். இதை எழுத உட்கார்ந்தது அதற்காகத்தான். இதில் வரும் பிள்ளைகளின் விவரங்களை அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன்.

முதலில், இவை எந்த மாதிரிக் கேம்கள்? சுட்டுத் தள்ளுகிற கேம்கள் வேறு. நான் சொல்வது, தனி ஆளோ ஒரு சின்னக் குழுவோ செய்து வெளியிடும் இண்டி திகில் கேம்கள். பெரும்பாலும் ஒரே உட்காரலில் முடிந்துவிடும். கையில் ஆயுதம் இருக்காது. இருட்டும் சத்தமும் இடமும்தான் பயமுறுத்தும். 2010இல் சுவீடனின் ஃபிரிக்‌ஷனல் கேம்ஸ் வெளியிட்ட 'அம்னீசியா'வில் எதிர்த்து நிற்கவே முடியாது, ஓடி ஒளியத்தான் முடியும். 2014இல் பிளேஸ்டேஷன் 4 என்ற கேம் கருவியில் இலவசமாக வந்த 'பி.டி.', ஒரு வீட்டு நடைவழியில் திரும்பத் திரும்ப நடக்கவிட்டே ஆட்களை நடுங்க வைத்தது. மறு வருஷமே அதை எடுத்துவிட்டார்கள். ஆனால் ஆளைப் பயமுறுத்த ஒரு நடைவழி போதும் என்று தனியாகக் கேம் செய்பவர்கள் அதிலிருந்து கற்றுக்கொண்டார்கள்.

பள்ளியிறுதி அரசுத் தேர்வான எஸ்.பி.எம். எழுத வேண்டிய படிவம் 5 பையன் ஒருவன், என் அறையிலேயே மடிக்கணினியைத் திறந்து 'எக்ஸிட் 8' விளையாடிக் காட்டினான். கோட்டாக்கே கிரியேட் என்ற பெயரில் ஒரு ஜப்பானியர் 2023இல் வெளியிட்ட கேம் அது. வெள்ளை ஓடு பதித்த சுரங்கப்பாதை. இடது பக்கம் விளம்பரப் போஸ்டர்கள், வலது பக்கம் சில கதவுகள். எதிரே ஒரு மனிதர் கைப்பையோடு நடந்து வந்து கடந்து போகிறார். அவ்வளவுதான். ஒரு சுற்று முடிந்தால் அதே பாதை மறுபடியும் வரும். ஏதாவது ஒன்று மாறியிருந்தால் வந்த வழியே திரும்பிவிட வேண்டும். மாறவில்லை என்றால் நேரே போக வேண்டும். தொடர்ந்து சரியாகச் செய்தால் எட்டாவது வாசல் கிடைக்கும். தவறவிட்டால் பூஜ்யத்திலிருந்து தொடக்கம்.

அவன் மூச்சைப் பிடித்துக்கொண்டு போஸ்டர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். கூரை விளக்குகளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே வந்தவன் சட்டென்று நின்றான். "மிஸ், கதவோட பிடி நடுவுல இருக்கு." ஆமாம், ஓரத்தில் இருக்க வேண்டிய கைப்பிடி கதவுக்கு நடுவில் இருந்தது. பேய் இல்லை, ரத்தம் இல்லை, ஒரு கைப்பிடி இடம் மாறியிருந்தது. எனக்கே முதுகு சில்லிட்டது. அவன் திரும்பி நடந்தான், வாசல் எண்ணில் ஒன்று கூடியது, முகமெல்லாம் சிரிப்பு.

நான்கைந்து நிமிடம்கூடப் புத்தகத்தில் கவனம் நிற்கவில்லை என்று பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பையன் அவன். அந்தப் பாதையில் அவன் கண் எதையும் விடவில்லை. விளையாடும்போது என்ன தோன்றும் என்று கேட்டேன். "ஒன்னும் தோணாது மிஸ், அதான் நல்லாருக்கு. எஸ்.பி.எம். ஞாபகமே வராது" என்றான்.

என் வேலையில் நான் பார்த்தவரை, பெரும்பாலான பிள்ளைகளை இழுப்பது இதுதான். அவர்களுடைய நிஜக் கவலைகளுக்கு உருவமும் இல்லை, முடிவும் தெரியாது. பரீட்சை என்ன ஆகும், அப்பா வேலை நிற்குமா, வகுப்பில் நம்மைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று எப்போதும் ஏதோ ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கும். கேமில் வரும் பயத்துக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. தாங்க முடியாவிட்டால் ஒரு பட்டனைத் தட்டி நிறுத்திவிடலாம். இதயம் படபடவென்று அடிக்கும், அப்புறம் எல்லாம் முடிந்து அடங்கும். அந்த அடங்கலில் கிடைக்கும் நிம்மதி சாதாரணமானது இல்லை. பயத்தில் ஏறிய உடல் வேகம் உடனே இறங்காது. ஆபத்து போய்விட்டது என்று மனம் அறிந்த பிறகும் அந்த வேகம் கொஞ்ச நேரம் நிற்கும், மகிழ்ச்சியாகவும் அது மாறும்.

பயத்துக்கும் ஒரு அளவு உண்டு. டென்மார்க்கின் ஆர்ஹுஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காட்சிக்காக அமைத்த ஒரு பேய் வீட்டுக்குள் 110 பேரை அனுப்பி, இதயத் துடிப்பை அளந்து, 2020இல் முடிவை வெளியிட்டார்கள். பயம் ரொம்பக் குறைவாக இருந்தபோதும் ரொம்ப அதிகமாக இருந்தபோதும் இன்பம் குறைந்தது. நடுவில்தான் உச்சம். கேம் விளையாடும் பிள்ளை இந்த நடுப்புள்ளியைத் தானே தேடிக்கொள்கிறது. விளக்கைப் போட்டுக்கொள்வது, சத்தத்தைக் குறைப்பது, நண்பனை போனில் வைத்துக்கொண்டு விளையாடுவது எல்லாம் அதற்குத்தான். இப்படிச் செய்யத் தெரிந்த பிள்ளையைப் பற்றி எனக்குக் கவலை கிடையாது.

இந்தக் கேம்களின் படங்கள் ஏன் இவ்வளவு மங்கலாக, கட்டம் கட்டமாக இருக்கின்றன என்றும் பெற்றோர் கேட்பார்கள். பலவற்றில் 1994இல் வந்த முதல் பிளேஸ்டேஷனின் தோற்றத்தை வேண்டுமென்றே கொண்டுவருகிறார்கள். தனி ஆளால் செய்ய முடிவது ஒரு காரணம், பழைய மடிக்கணினியிலும் ஓடுவது இன்னொன்று. ஆனால் பெரிய காரணம், தெளிவாகத் தெரியாத இடத்தை நம் மனமே நிரப்பிக்கொள்ளும். 2022இல் வந்த 'அயர்ன் லங்'கில் ஜன்னல் இல்லாத ஒரு சின்ன நீர்மூழ்கியில் உட்கார்ந்திருப்போம். வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரே வழி, கறுப்பு வெள்ளையில் ஒரு புகைப்படம் எடுப்பது. கேமின் பெரும்பகுதி அதுதான். ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டு வாசலில் மண்ணெண்ணெய் விளக்கைச் சிறிதாக்கிவிட்டு, பால்மரக் காட்டில் கேட்ட குரலைப் பற்றிப் பாட்டிகள் கதை சொன்னதும் இதே வழியில்தான். அந்தக் குரலுக்குரியவளைப் பாட்டி காட்டியதே இல்லை. தோட்டத்தில் வளர்ந்த பெற்றோரிடம் இதைச் சொன்னால் உடனே புரிந்துகொள்கிறார்கள். தாங்களும் பயந்து பயந்து அந்தக் கதையைக் கேட்டவர்கள்தானே.

நேரம் குறைவு என்பதும் பிள்ளைகளுக்குப் பிடிக்கிறது. பள்ளி, டியூஷன், வீட்டுப்பாடம் என்று ஓடும் பிள்ளைக்கு, தொடங்கியதை அன்றே முடித்தோம் என்ற திருப்தி கிடைக்கிறது. இதில் ஒன்றைப் பெற்றோர் கவனிக்க வேண்டும். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் வாங்கிய கேமை, 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பிக் கொடுத்துப் பணம் வாங்கலாம். முழுக்க விளையாடி முடித்துவிட்டுப் பணத்தையும் வாங்கிக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளிடம் இருக்கிறது. 2021இல் 'சம்மர் ஆஃப் 58' என்ற திகில் கேமைச் செய்தவர், இப்படித் திரும்ப வாங்கியவர்கள் அதிகமாகிவிட்டதால் கேம் செய்வதையே காலவரையின்றி நிறுத்துவதாக அறிவித்தார். பிடித்து விளையாடியதற்குக் காசு கொடுக்கச் சொல்லிக்கொடுங்கள். அது ஒருவருடைய உழைப்பு.

எனக்கு மறக்க முடியாத உரையாடல் ஒன்று உண்டு. வீட்டில் அம்மாவும் பிள்ளையும் மட்டும். அம்மாவுக்கு பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட். சாயங்காலம் தொழிற்சாலை பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்தால், திரும்பி வரும்போது பிள்ளை பள்ளிக்குப் போயிருக்கும். அந்தப் பிள்ளைக்குப் பிடித்த கேம் 'ஃபியர்ஸ் டு ஃபாத்தம்' தொடரின் முதல் பகுதி. இந்தியாவிலிருந்து 2021இல் வந்தது. வீட்டில் தனியாக இருக்கும் 14 வயதுப் பையன், அம்மாவோடு குறுஞ்செய்தியில் மட்டும் பேச்சு, வாசலில் யாரோ வந்து நிற்கிறார்கள்.

"உங்க வீட்லயும் இப்படித்தானே, இதைப் போய் ஏன்ப்பா விளையாடுற?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "கேம்ல அவன் கதவைப் பூட்டினா பூட்டின மாதிரி மிஸ். எங்க வீட்ல நான் எத்தன தடவ போய்ப் பாத்தாலும் பூட்டாத மாதிரியே இருக்கும்" என்றான்.

அம்மாவை அடுத்த வாரம் வரச் சொன்னோம். கேமைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர், மகன் இரவில் எழுந்து எழுந்து கதவைப் பார்ப்பதை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டார். அவர் கேமைத் தடை செய்யவில்லை. கதவுக்கு உள்தாழ்ப்பாள் ஒன்று போட்டார், பக்கத்து வீட்டு அக்காவிடம் சொல்லி வைத்தார், தொழிற்சாலையில் இடைவேளை கிடைக்கும் நேரத்தில் மகனுக்குப் போன் செய்ய ஆரம்பித்தார். ஷிப்டை மாற்றிக்கொள்ளும் வசதி எல்லாருக்கும் இருக்காது. ஆனால் பிள்ளை எந்தக் கேமை மறுபடி மறுபடி விளையாடுகிறது என்று பார்த்தால், வாயால் சொல்ல முடியாத பயம் எது என்று சில நேரம் தெரிந்துவிடும். "ஏன் இந்தச் சனியனை விளையாடுற?" என்று கேட்டால் பதில் வராது. "இதுல உனக்கு எந்த இடம் ரொம்பப் பயமா இருந்துச்சு?" என்று கேட்டுப் பாருங்கள், பிள்ளை பேசும்.

நமக்குப் பழக்கமான இடம், நமக்குப் பழக்கமான பொருள் என்றால் ஈர்ப்பு இன்னும் கூடும். மலேசியாவின் கைகன் கேம்ஸ் 2017இல் வெளியிட்ட 'சிமுலாக்ரா' முழுவதும், காணாமல் போன ஒரு பெண்ணின் கைப்பேசிக்குள்ளேயே நடக்கிறது. இந்தோனேசியாவின் 'டிரெட்அவுட்'டில் வரும் ஆவிகள் நம் பிள்ளைகள் மலாய் நண்பர்களிடம் கேட்டு வளர்ந்த பொந்தியானாக் என்ற பெண் பேயின் சொந்தக்காரர்கள்.

சரி, எங்கே கவலைப்பட வேண்டும்? முதல் இடம் தூக்கம். பேயைவிட எனக்கு இதுதான் பெரிய பயம். வளரிளம் பிள்ளைக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை. நம் ஊரில் ஏழரை மணிப் பள்ளிக்கு ஆறு மணிக்குள் எழுந்தாக வேண்டும். இரவு ஒரு மணிக்கு ஹெட்செட் போட்டுக்கொண்டு திகில் கேம் விளையாடினால், கேம் முடிந்தாலும் உடம்பு விழிப்பிலேயே நிற்கும். அதே கேமைச் சனிக்கிழமை மத்தியானம், அண்ணன் தங்கையோடு கூடத்தில் உட்கார்ந்து விளையாடட்டும். வீட்டில் நீங்கள் போட வேண்டிய ஒரே கட்டுப்பாடு இதுவாக இருந்தாலும் போதும்.

இரண்டாவது, சின்னப் பிள்ளைகள். இங்கே நான் கொஞ்சமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2021இல் வந்த 'பாப்பி பிளேடைம்' கேமில் வரும் நீல நிறப் பொம்மையை பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் தொங்கவிட்டு விற்றார்கள். கட்டிப்பிடித்துத் தூங்கும் பொம்மை என்று நினைத்து ஆறு வயதுக் குழந்தைக்கு வாங்கிக் கொடுத்த பெற்றோர் உண்டு. குழந்தை அந்தப் பெயரை யூடியூபில் தேடினால் கூரான பற்களோடு துரத்தும் காட்சி வரும். விளையாடுபவன் கையில் நிறுத்தும் பட்டன் இருக்கிறது. பார்த்துக்கொண்டிருக்கும் குழந்தைக்கு ஒரு வீடியோ முடியும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. பயத்தை அளந்து எடுத்துக்கொள்ளும் வயது அதற்கு இன்னும் வரவில்லை. நடு இரவில் எழுந்து அழுவது, கழிப்பறைக்குத் தனியாகப் போக மறுப்பது எல்லாம் இதனால் வந்து நான் பார்த்திருக்கிறேன்.

அட்டைப் படத்தை நம்பவும் வேண்டாம். 2017இல் இலவசமாக வந்த 'டோகி டோகி லிட்டரேச்சர் கிளப்' பார்ப்பதற்குச் சிரிக்கும் பள்ளி மாணவிகளின் கார்ட்டூன். உள்ளே தற்கொலை வருகிறது. தொடக்கத்திலேயே குழந்தைகளுக்கு ஏற்றதில்லை என்று எச்சரிக்கை போடுகிறார்கள். பிள்ளைகள் அதைப் படிக்காமல் தட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அண்மையில் வீட்டில் ஒரு சாவோ விபத்தோ நடந்திருந்தால், அல்லது பிள்ளைக்குத் திடீர் திடீரென்று நெஞ்சு படபடக்கும் பதற்றம் ஏற்கனவே இருந்தால், இந்தக் கேம்களைக் கொஞ்ச காலம் தள்ளி வையுங்கள்.

கோயிலுக்குக் கூட்டிப்போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொன்னதில்லை. மனசு ஆறுதல் அடைந்தால் நல்லதுதான். கூடவே சிலவற்றைக் கவனியுங்கள். கேமை நிறுத்தச் சொன்னால் பிள்ளையால் நிறுத்த முடியவில்லையா? பகலிலும் பதறிக்கொண்டே இருக்கிறதா? சாப்பாடு, நண்பர்கள், முன்பு பிடித்த விளையாட்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டதா? சாவைப் பற்றிப் பேசுகிறதா? இவற்றில் முதல் மூன்றில் ஏதாவது ஒன்று இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் பள்ளி ஆலோசகரிடமோ அரசாங்கக் கிளினிக்கிலோ பேசுங்கள். கடைசியில் சொன்னது இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். சுகாதார அமைச்சின் ஹீல் மனநல உதவி எண் 15555. பிள்ளை பேசத் தயங்கினால் முதலில் நீங்களே கூப்பிடலாம்.