டயாப்லோ 2-இல் ஒரு பனிவித்து முளைத்த கதை

டயாப்லோ 2 என்ற கணினி விளையாட்டில், சோர்சரஸ் என்ற மந்திரக்காரி கையை உயர்த்துகிறாள். ஒரு பனிக்கட்டி பறந்து போய் எதிரியின் மேல் மோதிச் சிதறுகிறது. பார்க்கிற நமக்கு அது அரை நொடிக் காட்சி. விளையாட்டின் உள்ளே போய்ப் பார்த்தால் அது ஓர் அட்டவணையின் ஒற்றை வரிசை. இருநூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள், பெரும்பாலும் வெறும் எண்கள்.

டயாப்லோ 2 வெளிவந்தது 2000-இல். அடுத்த ஆண்டு அதன் விரிவாக்கமான லார்ட் ஆஃப் டிஸ்ட்ரக்‌ஷன் வந்தது. இத்தனை ஆண்டுகள் கழித்தும் மோட் செய்பவர்கள், அதாவது விளையாட்டைத் தம் விருப்பப்படி திருத்துபவர்கள், இதை விடாமல் பிடித்திருப்பதற்குப் பெரிய காரணம் இந்த அட்டவணைகள்தான். ஸ்கில்கள் (மந்திரங்களும் திறன்களும்), ஏவுபொருள்கள், அசுரர்கள், ஆயுதங்கள் என்று எல்லாமே சாதாரண உரைக் கோப்புகளாகக் கிடைக்கின்றன. எக்ஸெல்லில் திறந்து திருத்தலாம். நிரல் எழுதத் தெரியாத ஒருவரும் ஒரு மாலைப்பொழுதில் தன் முதல் மந்திரத்தை வீசிப் பார்த்துவிட முடியும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். நான் செய்த மந்திரத்தின் பெயர் பனிவித்து.

எண்களுக்கு முன்னால் ஒரு கேள்விக்கு விடை தேட வேண்டியிருந்தது. சோர்சரஸுக்கு ஏற்கெனவே 30 ஸ்கில்கள் இருக்கின்றன. முப்பத்தொன்றாவதாக ஒன்று எதற்கு? இருப்பதைவிட இன்னும் ஓங்கி அடிப்பதற்கு என்றால் அது புது மந்திரமே இல்லை. பழைய மந்திரம் ஒன்றின் எண்ணைக் கூட்டியிருக்கிறோம், அவ்வளவுதான். அதோடு மற்ற ஸ்கில்கள் எல்லாம் செத்துப்போகும். வீரரிடம் இதுவரை எந்த ஸ்கில்லும் கேட்காத ஒன்றைப் புது ஸ்கில் கேட்க வேண்டும். பனிவித்து கேட்பது இது: எதிரி இப்போது எங்கே நிற்கிறான் என்பதைப் பார்க்காதே, இரண்டு நொடி கழித்து எங்கே நிற்பான் என்று சொல். மெதுவாக உருண்டு போகும் ஒரு விதை. நேரடியாகப் பட்டால் சின்ன அடிதான். மோதிய இடத்திலிருந்து நாலாபுறமும் 16 பனிச்சில்லுகள் சிதறும். உண்மையான பலம் அந்தச் சில்லுகளில் இருக்கிறது.

ஸ்கில் அட்டவணையில் 'என்ன செய்ய வேண்டும்' என்ற கட்டத்தில் நாம் எழுதுவது ஒரு எண் மட்டுமே. அந்த எண் சுட்டும் செயல், விளையாட்டின் உள்ளே ஏற்கெனவே எழுதி முடிக்கப்பட்ட ஒரு நிரல் துண்டு. ஒரு பொருளை ஏவு, வளையமாக ஏவு, இடம் பெயர்த்து வை என்பது போன்ற செயல்கள். ஒரு மொழியின் வினைச்சொற்களை எல்லாம் யாரோ பூட்டி வைத்துவிட்டு, பெயர்ச்சொற்களை மட்டும் நம் கையில் கொடுத்தது போல. எதை ஏவுவது, எவ்வளவு வேகத்தில், எத்தனை நேரம், மோதினால் அடுத்து எது பிறக்கும் என்பதெல்லாம் நம் விருப்பம். இந்தக் கட்டுப்பாட்டுக்குள்ளேயே மீடியன் எக்ஸ்எல் போன்ற மோட்கள் தொடங்கி, எல்லாக் கதாபாத்திரங்களின் ஸ்கில்களையும் மாற்றி எழுதும் அளவுக்கு வளர்ந்தன என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது.

செயல்கள் இரண்டு இரண்டாக வருகின்றன. ஒன்று சர்வருக்கு, மற்றொன்று நம் திரைக்கு. தனியாக விளையாடும்போதும் விளையாட்டுக்குள் ஒரு சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. யாருக்கு அடி பட்டது என்று முடிவு செய்வது அது. திரைப்பக்கத்தின் வேலை படம் காட்டுவது. முதல் நாள் நான் சர்வர் பக்க ஏவுபொருளின் பெயரை எழுதிவிட்டு, திரைப்பக்கக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டேன். கையை உயர்த்தினேன். எதுவும் பறக்கவில்லை. ஆனால் பத்தடி தள்ளி நின்ற அசுரன் பொத்தென்று விழுந்தான். அந்த ஒரு கணத்தில் எனக்கு இந்த விளையாட்டின் அமைப்பு முழுக்கப் புரிந்தது. நாம் பார்க்கும் பனிக்கட்டியும் அடிக்கும் பனிக்கட்டியும் வேறு வேறு. இரண்டையும் ஒரே தாளத்தில் ஓடவைப்பது மோட் செய்பவரின் பொறுப்பு.

தாளம் என்று சொல்லக் காரணம் இருக்கிறது. டயாப்லோ 2 நொடிக்கு 25 ஃப்ரேம்களில், அதாவது 25 தனிப்படங்களாக, ஓடுகிறது. அதற்குக் கீழே நேரம் என்பதே கிடையாது. விதையின் ஆயுள் என்ற கட்டத்தில் 50 என்று எழுதினால் அது இரண்டு நொடி வாழும். மந்திரம் போடும் வேகமும் முழு ஃப்ரேம்களில்தான் நகரும். உடைகளால் இந்த வேகத்தைக் கூட்டலாம். ஆனால் கூட்டும் ஒவ்வொரு சதவீதமும் பலன் தராது.

இந்தக் கணக்கை ஒருமுறை கையால் போட்டுப் பார்ப்பது நல்லது. உங்கள் உடைகள் தரும் கூடுதல் வேகம் 105 சதவீதம் என்று வையுங்கள். விளையாட்டு முதலில் அதை 120-ஆல் பெருக்கி, 105-ஐயும் 120-ஐயும் கூட்டிய 225-ஆல் வகுக்கும். கிடைப்பது 56. அதை 100-உடன் சேர்த்தால் 156. அடிப்படை வேகமான 256-இல் 156 சதவீதம், பின்னத்தை விட்டுவிட்டால், 399. சோர்சரஸ் கையை வீசும் காட்சிக்குக் கணக்கில் 14 படங்கள். 14-ஐ 256-ஆல் பெருக்கினால் 3584. அதை 399-ஆல் வகுத்தால் 8.98. மேல்நோக்கி முழுமையாக்கினால் 9. ஒன்றைக் கழித்தால் 8 ஃப்ரேம்.

இப்போது 105-க்குப் பதில் 104 போடுங்கள். 56 என்பது 55 ஆகிறது, 399 என்பது 396 ஆகிறது, வகுத்தால் 9.05. முழுமையாக்கினால் 10, ஒன்று போக 9 ஃப்ரேம். ஒரே ஒரு சதவீதத்தில் ஒரு முழு ஃப்ரேம் போய்விட்டது! இன்னொரு பக்கம், 63-இலிருந்து 104 வரைக்கும் எவ்வளவு கூட்டினாலும் அதே 9 ஃப்ரேம்தான். இப்படி 0, 9, 20, 37, 63, 105, 200 என்று படிகள் இருக்கின்றன. 13 ஃப்ரேமில் தொடங்கி 7-இல் முடியும். லைட்னிங், செயின் லைட்னிங் என்ற இரண்டு மின்னல் மந்திரங்களுக்கும் மட்டும் தனிப் படிகள்.

பனிவித்து தடுமாறியது இங்கேதான். விதை மெதுவாகப் போவதால் மந்திரம் அடங்கி இருக்கும் என்று நம்பியிருந்தேன். ஆனால் 7 ஃப்ரேம் வேகத்தில் வீசுபவர் ஒரு விதையின் இரண்டு நொடி ஆயுளுக்குள் ஏழு விதைகளை விட்டுவிடுகிறார். திரை முழுக்க விதைகள். எங்கே வீசுவது என்று யோசிக்கத் தேவையே இல்லாமல் போயிற்று. பறக்கும் வேகம் வேறு, வீசும் வேகம் வேறு. ஒன்றைக் குறைத்தால் மற்றது தானாகக் குறையாது.

இதற்கு மருந்து தாமதம். ஒருமுறை வீசிய பிறகு இத்தனை ஃப்ரேம் காத்திரு என்று ஸ்கில் வரிசையிலேயே எழுதலாம். எனக்குத் தாமதம் பொதுவாகப் பிடிக்காது, அது வேகமான கையைக் கட்டிப்போடுகிறது. ஆனால் அளவோடு வைத்தால் வேறு விதமாக வேலை செய்கிறது. 8 ஃப்ரேமில் வீசுபவர் ஒரு விதையையும் இடையில் வேறொரு மந்திரத்தையும் சேர்த்து 16 ஃப்ரேமில் முடிக்கிறார். 13 ஃப்ரேமில் வீசுபவருக்கு அதே சுற்றுக்கு 26 வேண்டும். விதையின் தாமதம் அந்த 16 ஃப்ரேம் சுற்றுக்குள் அடங்கும்படி வீசிப் பார்த்து வைத்தேன். இப்போது வேகமான கைக்குக் கிடைப்பது கூடுதல் விதைகள் இல்லை. விதைக்கும் விதைக்கும் நடுவே இன்னொரு மந்திரம் போட ஓர் இடைவெளி.

அடியின் கணக்கு இதைவிட எளிது. ஸ்கில்லின் முதல் நிலைக்கு ஒரு எண். பிறகு 2 முதல் 8 வரை, 9 முதல் 16 வரை, 17 முதல் 22 வரை என்று மேலே போகப் போக நிலை ஒன்றுக்கு இவ்வளவு கூட்டு என்று தனித்தனி எண்கள். சில்லுக்கு 10-இல் தொடங்கி நிலைக்கு 4, 7, 11 என்று கூட்டினேன். 20-ஆம் நிலையில் 138. விளையாட்டு உயிரை 256-இல் ஒரு பங்காக உடைத்துச் சேமிப்பதால் உள்ளே இது 35,328 என்று இருக்கும். அந்த நுணுக்கம் விஷத்துக்காகத் தேவைப்படுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமும் துளித்துளியாக உயிரைக் குறைக்க ஒன்றைவிடச் சிறிய அலகு வேண்டும் இல்லையா?

ஆனால் 138 என்பது எதிரியைத் தொடும்போது 138-ஆக இருக்காது. 50 சதவீதக் குளிர் எதிர்ப்புள்ள அசுரனுக்கு அது 69. கோல்ட் மாஸ்டரி என்ற ஸ்கில்லை 17-ஆம் நிலை வரை வளர்த்தவர், எதிரியின் எதிர்ப்பிலிருந்து 100-ஐக் கழிக்கிறார். 50 என்பது மைனஸ் 50 ஆகி, அதே சில்லு 207 அடிக்கிறது, மூன்று மடங்கு! குளிர் அறவே தாக்காத அசுரனிடமோ மாஸ்டரிக்கும் வேலை இல்லை, முழுச் சுழியம்தான். வெறும் அட்டவணையைப் பார்த்துச் சமன் செய்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். நான் சில்லுகளுக்குக் கொஞ்சம் வெறும் உடல் அடியும் சேர்த்தேன், அதற்குத் தனிக் கட்டங்கள் உண்டு. பனி என்பது குளிர் மட்டுமில்லை, கூர்மையும்கூட.

2003-இல் வந்த 1.10 பதிப்பு ஸ்கில்களை ஒன்றோடொன்று பிணைத்தது. ஃபயர் போல்ட், மீட்டியர் என்ற நெருப்பு மந்திரங்களை வளர்க்க இடும் ஒவ்வொரு புள்ளியும் ஃபயர் பால் என்ற மற்றொரு நெருப்பு மந்திரத்தின் அடியை 14 சதவீதம் கூட்டும். இரண்டிலும் இருபது இருபது இட்டால் 560 சதவீதம். ஒருவரின் கதாபாத்திரம் 99-ஆம் நிலை வரை போனாலும் மொத்தம் 110 புள்ளிகள்தான் என்பதால் இந்தப் பிணைப்பு ஆட்களை ஒரே பாதையில் அடைத்துவிடுகிறது. பனிவித்துக்கு நான் ஐஸ் போல்ட் என்ற பனி மந்திரத்தை மட்டும் துணையாக வைத்தேன், அதுவும் குறைவாக.

கடைசியாக ஒரு சின்னக் கட்டம் இரண்டு நாளைத் தின்றது. பெரிய உடம்புள்ள அசுரன்மேல் ஐந்தாறு சில்லுகள் ஒரே நேரத்தில் பாய்ந்து ஒரே அடியில் கொன்றன. இதைத் தடுக்க, ஓர் அடி பட்ட பிறகு நான்கு ஃப்ரேம்களுக்கு அடுத்த சில்லு படாதபடி வைக்கலாம். வைத்தேன். அசுரன் நின்றான். ஆனால் அந்தக் காவல் அசுரனின் மேலேயே எழுதப்படுகிறது. அதனால் அதே வகையில் அமைந்த வேறு மந்திரங்களின் அடியையும் அது விழுங்கிவிடும். கூட விளையாடும் இன்னொரு சோர்சரஸின் அடியும் அதில் சேர்த்தி. இரண்டு பேர் சேர்ந்து அடித்தும் ஒருவரின் உழைப்பு காணாமல் போவது எனக்கு உறுத்தியது. காவலை எடுத்துவிட்டு, சில்லுகளை 16-இலிருந்து 10-ஆகக் குறைத்தேன்.

நண்பன் ஒருவனிடம் விளையாடக் கொடுத்தேன். இரண்டாம் அத்தியாயத்தின் மேகட் லேரில், ஒருவர் மட்டுமே நுழையக்கூடிய அந்தக் குறுகிய சுரங்கங்களில், சில்லுகள் சுவரில் மோதி வீணாயின. பசு வடிவ எதிரிகள் திரளும் வெட்டவெளியில் அதே விதை அறுவடை செய்தது. சுரங்கத்துக்காக எண்ணைக் கூட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவன் வேறொன்றைச் செய்தான். சுரங்கத்தின் வளைவுக்கு முன் நின்று, யாருமே இல்லாத வெற்றிடத்தில் விதையை உருட்டிவிட்டு, இரண்டடி பின்வாங்கினான். வண்டுகள் வளைவைத் தாண்டி வந்த நேரத்தில் விதை அங்கே இருந்தது.

எண்ணைக் கூட்டவில்லை. விதையின் ஆயுளை மட்டும் 50-இலிருந்து 60 ஆக்கினேன்.